‘ஃபர்ஸ்ட்’ எழுதப் போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, சுவிஸில் லேர (தொழிற்பயிற்சி) செய்துகொண்டே பெரூஃப்ஸ்மாத்தூரா (தொழில்சார் உயர்தரம்) படிக்கிற எங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கண்டால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “ஃபர்ஸ்ட் செய்திட்டியா?” கேம்பிரிட்ஜ் நடத்துகிற ‘பி2 ஃபர்ஸ்ட்’ என்ற ஆங்கிலப் பரீட்சையைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். கொஞ்சம் மூத்தவர்கள் எஃப்.சி.ஈ. என்பார்கள். 1939இல் ‘லோயர் சர்டிபிகேட்’ என்று தொடங்கி, 1975இல் ‘ஃபர்ஸ்ட் சர்டிபிகேட்’ என்று பெயர் மாறிய பழைய பரீட்சை இது. ஐரோப்பிய மொழி அளவுகோலில் உள்ள ஆறு படிகளில் பி2 நாலாவது படி.

நானும் லேர செய்த காலத்தில் இதை எழுதினவள்தான். இப்போது சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்கு வருகிற பெரிய பிள்ளைகள், வகுப்பு முடிந்ததும் பயிற்சிப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவர்களோடு இருந்து பார்த்ததில் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் தமிழ், வெளியில் சுவிஸ் ஜெர்மன், வகுப்பில் ஹோக்டொய்ச் (எழுத்து ஜெர்மன்), அதோடு பிரெஞ்சு என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு மொழி மூளை நிறையவே இருக்கிறது. அவர்கள் மார்க்கை விடுகிற இடம் இரண்டு. ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியாகப் பாடமாக்குகிறார்கள்; செய்து முடித்த பேப்பரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த இரண்டையும் திருத்தினால் மிச்சம் தானாக ஏறும். இதைத்தான் உனக்கு விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

மார்க் எப்படி வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்

பரீட்சையில் நாலு பகுதி. ரீடிங்கும் யூஸ் ஆஃப் இங்கிலிஷும் ஒரே பேப்பரில் வரும். 75 நிமிடம், 52 கேள்வி. ரைட்டிங் 80 நிமிடம். லிசனிங் ஏறக்குறைய 40 நிமிடம். ஸ்பீக்கிங் இரண்டு பேராக உள்ளே போவது. இருவருக்கும் சேர்த்து 14 நிமிடம். ஆனால் மார்க் ஐந்தாகப் பிரிந்து வரும்: ரீடிங், யூஸ் ஆஃப் இங்கிலிஷ், ரைட்டிங், லிசனிங், ஸ்பீக்கிங். ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம். இந்த ஐந்தின் சராசரிதான் உன் முடிவு.

சராசரி 160 என்றால் பாஸ். 173 என்றால் பி கிரேட். 180 என்றால் ஏ கிரேட்; அப்போது சான்றிதழில் சி1 நிலை என்றே போடுவார்கள். 140க்கும் 159க்கும் இடையில் நின்றாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், பி1 சான்றிதழ் வரும்.

இதில் முக்கியமானது, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகப் பாஸ் பண்ண வேண்டும் என்ற விதி இல்லை. ரீடிங்கில் சறுக்கினாலும் ஸ்பீக்கிங்கில் தூக்கிவிடலாம். பயிற்சிப் பேப்பர் செய்யும்போது கணக்குப் பார்க்க ஒரு அளவு சொல்கிறேன். ரீடிங்கில் 42க்கு 24, யூஸ் ஆஃப் இங்கிலிஷில் 28க்கு 18, ரைட்டிங்கில் 40க்கு 24, லிசனிங்கில் 30க்கு 18, ஸ்பீக்கிங்கில் 60க்கு 36. இவ்வளவு எடுத்தால் அந்தப் பகுதியில் நீ 160இல் நிற்கிறாய். பிழையாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிட்டு வராதே.

படிக்கத் தொடங்குவதற்கு முன்னமே ஒரு முழுப் பேப்பரை நேரம் வைத்துச் செய். கேம்பிரிட்ஜின் இணையத்தளத்தில் மாதிரிப் பேப்பர் இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு அவர்களே வெளியிடுகிற புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாலு உண்மையான பேப்பர். வாங்குவதற்கு முதல் உங்கள் நகர நூலகத்தில் கேள். முதல் பேப்பரில் எது ஆகக் குறைவாக வருகிறதோ அதற்குத்தான் உன் கிழமையின் பெரிய பங்கு.

சொற்களைச் சோடியாகப் படி

யூஸ் ஆஃப் இங்கிலிஷ் என்ற பெயரைக் கேட்டதும் கிராமர் புத்தகத்தைத் தூக்காதே. அந்தப் பேப்பரின் முதல் நாலு பகுதிகளையும் வடிவாகப் பார்த்தால், கேட்பதில் பெரும்பங்கு எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான்.

முதல் பகுதியில் ஒரே மாதிரிக் கருத்துள்ள நாலு சொற்களைத் தந்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வார்கள். நாலுக்கும் உனக்குக் கருத்துத் தெரிந்தாலும் விடை தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் பக்கத்தில் நிற்கிற சொல்தான் விடையைத் தீர்மானிக்கிறது. ‘டிசிஷன்’ வந்தால் ‘மேக்’. ‘அட்டென்ஷன்’ வந்தால் ‘பே’. ‘இன்ட்ரஸ்டட்’ என்றால் பின்னால் ‘இன்’, ‘குட்’ என்றால் ‘அட்’, ‘டிபென்ட்’ என்றால் ‘ஆன்’. உன் கொப்பியில் ‘டிசிஷன் – முடிவு’ என்று எழுதினால் இந்தப் பரீட்சைக்கு அது உதவாது. ‘மேக் எ டிசிஷன்’ என்று முழுசாக எழுது. அதற்குக் கீழே உன் வாழ்க்கையில் இருந்து ஒரு வசனம் எழுது. லேரக்கு இடம் தேடின கதையை எழுது, அம்மாவோடு சண்டை பிடித்ததை எழுது. உன் சொந்த வசனம் மறக்காது.

இரண்டாம் பகுதியில் எட்டு இடைவெளி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல். பெரும்பாலும் சின்னச் சொற்கள்தான்: ‘ஆஃப்’, ‘விச்’, ‘பீன்’, ‘ஆஸ்’, ‘த’. மூன்றாம் பகுதியில் ஒரு வேர்ச்சொல்லைத் தருவார்கள், அதை இடத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். ‘எக்ஸ்பெக்ட்’ தந்திருந்தால் ‘எக்ஸ்பெக்டட்’ போட்டுவிட்டு ஓடாதே. வசனத்தின் கருத்து எதிர்மறையா என்று பார். ‘அன்எக்ஸ்பெக்டட்லி’தான் வேண்டியதாக இருக்கலாம். எட்டில் ஒன்றிரண்டு இப்படி முன்னாலும் பின்னாலும் மாறுகிற சொல்லாக இருக்கும். எழுத்துப் பிழை இருந்தால் இந்தப் பகுதியில் மார்க் இல்லை. பிரித்தானிய எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை எதுவானாலும் பரவாயில்லை, ஒன்றையே பிடித்துக்கொள்.

நாலாம் பகுதிதான் எங்கள் பிள்ளைகளை ஆட்டுவது. ஒரு வசனத்தைத் தந்து, அதே கருத்தை வேறு மாதிரிச் சொல்லக் கேட்பார்கள். நடுவில் ஒரு சொல் தருவார்கள், அதை மாற்றக்கூடாது. அதையும் சேர்த்து இரண்டிலிருந்து ஐந்து சொல்லுக்குள் முடிக்க வேண்டும். ஒன்றைச் செய்து பார்ப்போம்.

“ஐ ஹாவன்ட் சீன் மை கஸின் ஃபோர் த்ரீ இயர்ஸ்.” தந்த சொல் ‘லாஸ்ட்’. இரண்டாம் வசனம்: “த … மை கஸின் வாஸ் த்ரீ இயர்ஸ் அகோ.”

விடை: ‘லாஸ்ட் டைம் ஐ சா’. நாலு சொல். இதற்கு இரண்டு மார்க், விடையை இரண்டு துண்டாகப் பிரித்துத் திருத்துவார்கள். ‘லாஸ்ட் டைம்’ சரியாக வந்து ‘ஐ ஹாவ் சீன்’ என்று பிழையாக எழுதினாலும் ஒரு மார்க் கையில் நிற்கும். அதனால் பாதிதான் தெரியும் என்றாலும் அந்தப் பாதியை எழுது. ‘டோன்ட்’ போல சுருக்கி எழுதுகிற சொல்லை இரண்டு சொல்லாக எண்ணுவார்கள் என்பதையும் நினைவில் வை. இந்த மாற்றங்கள் திரும்பத் திரும்ப ஒரே குடும்பத்தில் இருந்துதான் வரும்: செயப்பாட்டு வினை, ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, ‘விஷ்’ போட்டு ஆசைப்படுவது, ‘டூ’வும் ‘இனஃப்’பும், ‘இன் ஸ்பைட் ஆஃப்’பும் ‘ஆல்தோ’வும். கொப்பியில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கு.

தமிழும் ஜெர்மனும் சேர்ந்து இழுக்கிற பிழைகள்

இதை உன் வகுப்பு ஆசிரியர் சொல்லித் தர மாட்டார், அவருக்குத் தமிழ் தெரியாது. “பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஜெர்மனிலும் ‘ஸைட் ஸேன் யாரன்’ என்று போட்டு நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். இரண்டு மொழியும் ஒரே பக்கம் இழுக்க, ஆங்கிலத்தில் “ஐ லிவ் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்று வந்து விழுகிறது. வேண்டியது “ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்”. காலத்தின் நீளம் வந்தால் ‘ஃபோர்’, தொடங்கின புள்ளி வந்தால் ‘சின்ஸ்’. ஸ்பீக்கிங்கில் உன்னைப் பற்றிக் கேட்கிற முதல் இரண்டு நிமிடத்திலேயே இந்த வசனம் வரும். அதனால் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சரியாக வருமளவுக்குச் சொல்லிப் பழகு.

மற்றவை பெரும்பாலும் ஜெர்மன் வழியாக வருபவை. ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘ஹோம்வொர்க்’ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பன்மை கிடையாது. போட்டோவை ‘மேக்’ பண்ணுவதில்லை, ‘டேக்’. வீட்டுப்பாடம் ‘டூ’. ‘பெகொம்மன்’ என்ற நினைப்பில் ‘பிகம்’ போடாதே, ‘கெட்’ போடு. ‘ஆக்சுவலி’ என்றால் ‘உண்மையில்’. ‘இப்போது’ என்று சொல்ல ‘கரன்ட்லி’. ‘எவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில்’. ‘ஒருவேளை’ என்று சொல்ல ‘பாசிப்லி’. இந்தப் பட்டியலை ரைட்டிங் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வை. எழுதி முடித்ததும் கடைசி ஐந்து நிமிடத்தில் தேட வேண்டியவை இவைதான்.

ஜெர்மன் உனக்குக் கை கொடுக்கிற இடமும் இருக்கிறது. எங்கள் அம்மாமாருக்குத் தலையிடியாக இருந்த ‘எ’, ‘த’ உனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது, ஏனென்றால் அப்படிப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒன்று போடுகிற பழக்கம் ஜெர்மனால் உனக்கு இருக்கிறது.

ரீடிங்: நேரத்தைப் பங்கிடு

முதல் நாலு பகுதிக்கும் 30 நிமிடம், வாசிக்கிற மூன்று பகுதிக்கும் 45 நிமிடம். ஐந்தாம், ஆறாம் பகுதிகளில் ஒரு கேள்விக்கு இரண்டு மார்க் என்பதால், முதலாம் பகுதியில் ஒரு சொல்லோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுவது நட்டம். ஐந்தாம் பகுதியில் கேள்விகள் கட்டுரை போகிற ஒழுங்கிலேயே வரும். ஆறாம் பகுதியில் கட்டுரையில் இருந்து ஆறு வசனத்தைக் கழற்றி, ஒன்று கூடுதலாகச் சேர்த்து ஏழாகத் தருவார்கள். ‘திஸ்’, ‘தே’, ‘சச்’, ‘ஹவெவர்’ போன்ற சொற்களைச் சுற்றி வட்டம் போடு. ‘தே’ என்றால் யார் அவர்கள், முன் வசனத்தில் அப்படிப் பலர் இருக்கிறார்களா என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும். ஏழாம் பகுதியில் கேள்விகளை முதலில் வாசி, பிறகு துண்டுகளைத் தேடு. இதற்குமேல் ரீடிங்குக்குத் தந்திரம் தேவையில்லை, ரயிலில் போகும்போது ஆங்கிலத்தில் எதையாவது தினமும் வாசி. உனக்குப் பிடித்ததாக இருந்தால் போதும்.

ரைட்டிங்: 190 சொல்லுக்குள் நில்

இரண்டு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 140இலிருந்து 190 சொல். முதலாவது கட்டுரை, அதில் தெரிவு இல்லை. இரண்டாவதில் மூன்று கேள்வி தருவார்கள். மின்னஞ்சல் அல்லது கடிதம், ரிவியூ, ரிப்போர்ட், ஆர்ட்டிகிள் இவற்றில் இருந்து வரும், ஒன்றை எடுக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கான ‘ஃபோர் ஸ்கூல்ஸ்’ பதிப்பில் கதையும் வரும். எல்லாவற்றையும் அரைகுறையாகப் படிக்காமல் இரண்டு வகையை நன்றாகப் பழகு. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது மின்னஞ்சலும் ரிவியூவும். ரிவியூவுக்கு நீ பார்த்த படம், சாப்பிட்ட உணவகம், பாவிக்கிற செயலி எதுவும் உதவும். கடைசியில் யாருக்கு இது பொருந்தும் என்று சொல்ல மறக்காதே, கேள்வியில் அதைக் கேட்டிருப்பார்கள்.

கட்டுரையில் மார்க் போகிற இடம் ஒன்று உண்டு. தலைப்புக்குக் கீழே மூன்று குறிப்பு இருக்கும். இரண்டை அவர்கள் தருவார்கள், மூன்றாவது ‘உன் சொந்த எண்ணம்’ என்று வெறுமையாக இருக்கும். ‘நகரத்தில் வாழ்வது கிராமத்தில் வாழ்வதைவிட நல்லதா?’ என்று தலைப்பு வந்து, போக்குவரத்து, செலவு என்று இரண்டு குறிப்பு தந்தால், பலர் அந்த இரண்டையும் அழகாக எழுதிவிட்டு முடிவுரைக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாவது இல்லாவிட்டால் உள்ளடக்க மார்க் விழும். கட்டுரையைத் தொடங்குவதற்கு முன்னமே மூன்றாவதை எழுதி வை. அயலவர் ஒருவரை ஒருவர் அறிவார்களா, வேலை கிடைக்குமா, எதுவானாலும் சரி, போக்குவரத்துக்குள்ளும் செலவுக்குள்ளும் வராத ஒன்றாக இருக்க வேண்டும்.

ஐந்து பந்தி: அறிமுகம் இரண்டு வசனம், குறிப்புக்கு ஒரு பந்தியாக மூன்று, முடிவு இரண்டு வசனம். ஒரு பந்தி எப்படி ஏறுகிறது என்று பார். “பப்ளிக் டிரான்ஸ்போர்ட் இஸ் குட் இன் சிட்டீஸ்” என்பது சரியான வசனம்தான், ஆனால் பி1 பிள்ளையும் அதை எழுதும். “லிவிங் இன் எ சிட்டி மீன்ஸ் யூ டோன்ட் ஹாவ் டு ஓன் எ கார், விச் சேவ்ஸ் எ லாட் ஆஃப் மணி” என்று எழுதினால் ஒரு காரணமும் அதன் விளைவும் ஒரே வசனத்தில் சேர்கின்றன. திருத்துபவர் பார்ப்பது நாலு விஷயம்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, வாசிப்பவருக்கு ஏற்ற தொனி இருக்கிறதா, பந்திகள் தொடர்கின்றனவா, மொழி எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். பெரிய பெரிய சொல்லைக் கோர்ப்பதற்கென்று தனி மார்க் கிடையாது.

எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். பத்து நிமிடம் யோசி, 25 நிமிடம் எழுது, ஐந்து நிமிடம் பிழை தேடு. சொல் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, ஆனால் 260 எழுதினாய் என்றால் கேட்காத கதை ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது. திருத்தித் தர ஆள் இல்லாவிட்டால் கேம்பிரிட்ஜின் ‘ரைட் அண்ட் இம்ப்ரூவ்’ தளம் இலவசம். எழுதிப் போட்டால் பிழை இருக்கிற வசனங்களைக் காட்டி, எந்த நிலையில் நிற்கிறாய் என்றும் சொல்லும்.

லிசனிங்: காதில் விழுந்த முதல் சொல்லை நம்பாதே

ஒவ்வொரு ஒலிப்பதிவும் இரண்டு தடவை கேட்கும். மூன்று விடையைத் தந்து ஒன்றைக் கேட்கிற கேள்விகளில், பெரும்பாலும் மூன்றைப் பற்றியும் பேசுவார்கள். ‘முதலில் ரயிலில் போக யோசித்தேன், அண்ணா காரில் கூட்டிப் போகிறேன் என்றார், கடைசியில் அவருக்கு வேலை வந்துவிட்டது’ என்று கதை திரும்பும். ‘பட்’, ‘ஆக்சுவலி’, ‘இன் தி எண்ட்’ கேட்டால் காதைத் தீட்டு, விடை அதற்குப் பின்னால் இருக்கும். இரண்டாம் பகுதியில் பத்து இடைவெளி. கேட்ட சொல்லை அப்படியே எழுது, உன் பாட்டுக்கு மாற்றாதே. மூன்றாம் பகுதியில் ஐந்து பேர் பேசுவார்கள், எட்டு விடையில் மூன்று மிஞ்சும். கேள்வியை வாசிக்கத் தருகிற இடைவெளியில் முந்தின விடையை நினைத்துக் கவலைப்படாமல், அடுத்ததை வாசித்துக் கோடு போடு.

பழகுவதற்குப் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ நல்லது, எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேள், பிறகு எழுத்தோடு கேள், எந்த இடத்தில் காது தவறியது என்று குறி. அமெரிக்கத் தொடர்களையே பார்த்து வளர்ந்த காதுக்குப் பிரித்தானிய உச்சரிப்பு கொஞ்ச நாள் எடுக்கும். அதற்கு இப்போதே தொடங்கு.

ஸ்பீக்கிங்: நீ ஏற்கெனவே செய்துவந்த வேலை

ஸ்பீக்கிங்கைப் பற்றித்தான் எங்கள் பிள்ளைகள் ஆகக் கூடப் பயப்படுகிறார்கள், எனக்கு அது மனவருத்தம். சின்ன வயதில் இருந்தே அம்மாவுக்கு டொக்டரிடமும், அப்பாவுக்கு கெமைண்டே (ஊராட்சி) அலுவலகத்திலும் நின்று மொழிபெயர்த்த பிள்ளைகள் இவர்கள். ஜெர்மன் கடிதத்தில் உள்ள நீளமான சொல்லுக்குத் தமிழ் தெரியாதபோது, “அதம்மா, காப்புறுதிக்காரர் முதலில் கட்டாத காசு” என்று சுற்றி விளங்கப்படுத்தினாய் அல்லவா? பரீட்சையில் வேண்டியது அதேதான். படத்தில் ஒருவர் கையில் திருகாணி முடுக்கி இருக்கிறது, ஆங்கிலப் பெயர் வரவில்லை என்றால் நின்றுவிடாதே. “எ டூல் யூ யூஸ் டு ஃபிக்ஸ் திங்ஸ்” என்று சொல்லிவிட்டு முன்னே போ. அப்படிச் சமாளிப்பது உனக்குப் பலம்.

அறையில் இரண்டு பரீட்சகர்கள் இருப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் ஓரமாக இருந்து மார்க் மட்டும் போடுவார், பேச மாட்டார். அவர் எழுதுவதைப் பார்த்துக் கலங்காதே. முதல் இரண்டு நிமிடம் உன்னைப் பற்றி: வேலை, பொழுதுபோக்கு, குடும்பம். ‘யெஸ்’, ‘நோ’ என்று முடிக்காமல் ஒரு காரணமோ உதாரணமோ சேர். பாடமாக்கி ஒப்புவிக்காதே, கேட்டவுடன் அது தெரிந்துவிடும்.

இரண்டாம் பகுதியில் இரண்டு படம் தருவார்கள், தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும். “ஐ சீ எ மேன், ஐ சீ எ டேபிள்” என்று படத்தில் உள்ளதை எண்ணுகிறவர்களுக்கு அரை நிமிடத்திலேயே சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒப்பிடச் சொல்லித்தான் கேட்கிறார்கள், படத்துக்கு மேலே ஒரு கேள்வியும் எழுதியிருக்கும். ஒரு படத்தில் நண்பர்கள் வீட்டில் சேர்ந்து சமைக்கிறார்கள், மற்றதில் ஒரு குடும்பம் உணவகத்தில் இருக்கிறது, ஏன் இப்படிச் சாப்பிடத் தெரிவுசெய்தார்கள் என்று கேள்வி என்று வை. “போத் பிக்சர்ஸ் ஷோ பீப்பிள் ஷேரிங் எ மீல்” என்று பொதுவானதில் தொடங்கு. ‘வேர்ஆஸ்’ போட்டு வேறுபாட்டைச் சொல். பிறகு “தே மைட் பி செலிபிரேட்டிங் சம்திங்”, “பெர்ஹாப்ஸ் தே வான்ட்டட் டு சேவ் மணி” என்று ஊகி. பாதி நேரத்தை ஊகத்துக்கு வைத்தால் ஒரு நிமிடம் போதாமல் போகும். நேரம் முடிந்ததும் நன்றி சொல்லி நிறுத்துவார்கள். அதற்குக் குழம்பாதே, எல்லாரையும் அப்படித்தான் நிறுத்துவார்கள். உன்னோடு வந்தவர் பேசும்போது அவருடைய படத்தையும் கவனி. அவர் முடித்ததும் அதைப் பற்றி உன்னிடம் ஒரு சின்னக் கேள்வி வரும்.

மூன்றாம் பகுதியில் நடுவில் ஒரு கேள்வியும் சுற்றி ஐந்து குறிப்பும் உள்ள தாள். இரண்டு பேரும் இரண்டு நிமிடம் கலந்து பேசி, பிறகு ஒரு நிமிடத்தில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவில் ஒத்துப்போகாவிட்டாலும் மார்க் போகாது. ஐந்தையும் பேசி முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மார்க் இருப்பது நீ மற்றவரோடு எப்படிப் பேசுகிறாய் என்பதில். பெரியவர் பேசும்போது குறுக்கே போகாதே என்று வளர்க்கப்பட்ட பெண் பிள்ளைகள் இங்கே ஒடுங்கிவிடுகிறார்கள். உன்னோடு இருப்பவரும் உன்னைப்போல ஒரு பரீட்சார்த்திதான். “வாட் டு யூ திங்க்?” என்று கேள், “தட்ஸ் ட்ரூ, பட்” என்று மறுத்துப் பேசு. அவர் அமைதியான ஆள் என்றால் பெயர் சொல்லி உள்ளே இழு, அவர் விடாமல் பேசுகிறவர் என்றால், மூச்சு விடுகிற இடத்தில் “கேன் ஐ ஆட் சம்திங்?” என்று நுழை. கேள்வி விளங்காவிட்டால் திரும்பச் சொல்லக் கேட்கலாம், அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

இதைப் பழக ரியூசன் தேவையில்லை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் எங்களுக்குச் சொந்தம் இல்லாத வீடு குறைவு. ஞாயிறு பின்னேரம் அங்கே இருக்கிற மச்சாளைக் கூப்பிட்டு, அரை மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் கதை. அவளுக்கு இரண்டு படத்தை அனுப்பி, ஒரு நிமிடம் பேசுகிறேன், நேரம் பார் என்று சொல். நீ பேசுவதைப் பதிவு செய்து மறுநாள் ரயிலில் கேள். ‘சோ’, ‘லைக்’ எத்தனை தரம் வருகிறது, எந்த வசனம் பாதியில் அறுகிறது என்பதெல்லாம் உனக்கே கேட்கும். மச்சாளின் தெருப் பேச்சைக் காதுக்கு எடுத்துக்கொள், கட்டுரைக்குள் கொண்டுவராதே.

செய்து முடித்த பேப்பரை மூடாதே

விடைத்தாளைப் பார்த்து சரி, பிழை போட்டு, மொத்தத்தைக் கூட்டி, அடுத்த பேப்பருக்குப் போகிற பிள்ளைகள்தான் கூட. பேப்பர் மேல் பேப்பராகச் செய்தும் மார்க் அதே இடத்தில் நிற்கிறது என்று பிறகு அழுவார்கள். ஒரு பேப்பருக்குச் செலவழித்த அதே அளவு நேரத்தை அதைப் பிரித்துப் பார்க்கவும் வை. பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுது: சொல் தெரியவில்லை, சோடி தெரியவில்லை, கேள்வியை வடிவாக வாசிக்கவில்லை, நேரம் போதவில்லை. ரீடிங்கிலும் லிசனிங்கிலும் சரியான விடைக்குச் சான்று எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கோடு போடு. குருட்டாம்போக்கில் சரியாக வந்ததையும் பிழை என்றே எண்ணு. மூன்று பேப்பர் இப்படிச் செய்தால் உன் காரணங்களில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும், பிறகு அதற்கு மட்டும் படி. வேலையும் பள்ளிக்கூடமுமாக ஓடுகிற உனக்கு நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழி இதுதான்.

மூன்று மாதம் இருந்தால் நல்லது. கிழமை நாளில் ரயிலில் 20 நிமிடம் சொல்லும் கேட்பதும், ஒரு பின்னேரம் ஒரு ரைட்டிங், ஞாயிறு மச்சாளோடு பேச்சு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை முழுப் பேப்பர். கடைசிக் கிழமையில் புதிதாக ஒன்றும் தொடாதே, உன் கொப்பியை மட்டும் வாசி.

திகதி வந்ததும்

பதிவு செய்வதற்கு முன் கட்டணத்தைப் பள்ளிக்கூடம் தருமா, வேலைத்தளம் தருமா என்று கேட்டுப் பார். கேட்காத பிள்ளைக்கு யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். தாளிலா கணினியிலா எழுதப் போகிறாய் என்பதையும் அப்போதே தெரிந்துகொண்டு, அதே முறையில் பழகு. கணினியில் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும். தாளில் என்றால் உன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வரும் என்று முன்கூட்டியே பார்த்து வை. லிசனிங் முடிந்ததும் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற ஐந்து நிமிடம் தருவார்கள்.

அன்றைக்குப் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையின் அசல் வேண்டும், பிரதி செல்லாது. கைபேசியும் ஸ்மார்ட் கடிகாரமும் வெளியில். அகராதி கொண்டுபோக முடியாது.

சான்றிதழுக்குக் காலாவதித் திகதி இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் செல்லாத ஐஈஎல்டிஎஸ் போல அல்ல. ஆனாலும் சில பல்கலைக்கழகங்கள் எவ்வளவு பழையதை ஏற்பது என்று தாங்களே விதி வைத்திருக்கும். பின்னால் எங்கே படிக்க விருப்பமோ அங்கே விசாரித்துக்கொள்.

ஸ்பீக்கிங் மற்றப் பேப்பர்கள் நடக்கிற அதே நாளில் வராமல் வேறொரு நாளில் வரலாம். பரீட்சை நிலையத்தில் இருந்து வருகிற உறுதிப்படுத்தல் கடிதத்தில் இரண்டு திகதியும் இடமும் நேரமும் இருக்கும். அது கிடைத்த அன்றே வேலைத்தளத்தில் உனக்குப் பொறுப்பானவரிடம் காட்டி, இரண்டு நாளுக்கும் லீவு கேட்டு வை.